நானும் ஒரு மாணவி

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை மணி. வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள். சமையலறை மேஜையின்மேல் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் பெண் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"அம்மா! வீட்டுப் பாடத்தைக் கடைசி நேரம் வரையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் பன்னிரண்டு மணி அடித்தால் அந்த வாரத்துப் பாடத்தின் கதவு சாத்தப்பட்டுவிடும். ஆகையால் நான் அவளுக்குப் பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டே போனேன்.

நான் அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில், ஜோலியட் நகருக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் ஹைஸ்கூல் கணித உபாத்தியாயினி. வயது நாற்பத்தைந்து. பகலில் நூற்றிருபது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். இரவில் நானே மாணவியாகிவிடுகிறேன். 2020-ம் வருஷத்திலிருந்து, தொலைவிலிருந்தே படிக்கும் முறையில் ஒரு டாக்டர் பட்டத்துக்காகப் பிரயத்தனம் செய்துகொண்டிருக்கிறேன். "கம்யூனிடி காலேஜ் தலைமை" என்பது என் பாடத்தின் பெயர்.

இதைத் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் என் தாயாருக்கு டெலிபோனில் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ஊசி போடுகிற டாக்டரா?"

"இல்லை, அம்மா."

"அப்படியானால் காலேஜ் வாத்தியாராகிற டாக்டரா?"

"அதுவும் இல்லை. காலேஜை நடத்துகிறவர்கள் படிக்கிற படிப்பு."

அம்மா சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "நடத்துகிறவர்கள் படித்திருந்தால் நல்லதுதான்" என்றாள். ஐந்து வருஷங்களாக என் பேராசிரியர்கள் சொல்லி வருவதற்கு இதைவிடச் சுருக்கமான வியாக்கியானத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

கம்யூனிடி காலேஜ் என்பது என்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். நம் நாட்டில் 1990-களிலிருந்து இதே பெயரில் நடப்பவை பெரும்பாலும் குறுகிய காலத்துத் தொழிற்கல்வி அளிப்பவை. அமெரிக்காவில் இருப்பது வேறு மாதிரி. இரண்டு வருஷத்துப் படிப்பு. சர்வகலாசாலையை நோக்கச் சம்பளம் குறைவு. வாசலில் யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை. இரும்பு ஒட்டும் வேலையும் நர்ஸ் வேலையும் அங்கே கற்கலாம். பி. ஏ. பட்டத்தின் முதல் இரண்டு வருஷங்களை அங்கே முடித்துவிட்டு, மூன்றாவது வருஷத்துக்குச் சர்வகலாசாலைக்குப் போகவும் செய்யலாம். ஒரே பெஞ்சியில் பத்தொன்பது வயதுப் பையனையும், வேலை போன ஐம்பது வயதுக்காரரையும், கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டு வந்த தாயையும் பார்க்கலாம். இத்தகைய கலாசாலைகள் அந்த நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

இவற்றை நடத்துவதற்கு எதற்காகத் தனிப் படிப்பு? 1960-க்குப் பிறகு சில வருஷங்கள் ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று வீதம் இவை முளைத்தன. கட்டடம் எழுந்தது, மாணவர் வந்தனர், தலைவர்கள்தான் கிடைக்கவில்லை. அப்போது கெல்லாக் தர்ம ஸ்தாபனம் பல சர்வகலாசாலைகளுக்குப் பணம் கொடுத்துத் தலைவர்களைத் தயார் செய்யச் சொல்லிற்று. ஆம், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சோளப் பொரியை விற்றுச் சேர்த்த பணந்தான்! அந்தப் பரம்பரையில் வந்ததே என் படிப்பும்.

படிக்கும் விதத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். என்னுடன் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். நர்ஸ் வேலை கற்பிக்கும் அம்மாள் ஒருவர். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர். கலாசாலைக் கணக்கு இலாகாவில் இருபது வருஷம் உழைத்த ஒருவர். அவர்களுடைய முகங்கள் எனக்குத் தபால் தலை அளவில்தான் பரிச்சயம். கோடைக்காலத்தில் மூன்று நாள் நேரில் கூடுவோம். மற்றபடி வாரந்தோறும் ஒவ்வொருவரும் ஓர் அபிப்பிராயம் எழுதவேண்டும். வேறு இருவர் எழுதியதற்கு மறுமொழியும் எழுதவேண்டும். இந்த மறுமொழிகளைப்போல் மரியாதை மிகுந்த இலக்கியத்தை எங்கும் காண முடியாது. "தாங்கள் சொன்னது என் கண்களைத் திறந்துவிட்டது" என்று நள்ளிரவுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் தூக்கக் கலக்கத்தோடு எழுதுவோம். கண்கள் அப்போதுதான் மூடிக்கொண்டிருக்கும்.

தொலைவிலிருந்து படிப்பதை இளப்பமாகப் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. என் தகப்பனார் ஆரம்பப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். மதுரைச் சர்வகலாசாலையில் 1971-ல் ஆரம்பமான தபால் வழிக் கல்வியில், நான் குழந்தையாயிருந்தபோது அவர் எம். ஏ. படித்தார். பழுப்புக் காகிதத்தில் கட்டிய பாடங்கள் தபாலில் வரும். மின்சாரம் போன இரவுகளில் அரிக்கேன் விளக்கை அருகில் வைத்துக்கொண்டு படிப்பார். "வாத்தியாருக்குத் தபாலில் பட்டம் வருகிறதாம், ஸ்டாம்பு ஒட்டியாயிற்றா?" என்று டீக்கடையில் சிரித்தவர்களை நான் அறிவேன். இரண்டு வருஷத்துப் படிப்பை முடிக்க அவருக்கு ஏழு வருஷம் ஆயிற்று. 2023-ல் அவர் காலமானார். அப்போது நான் இரண்டாவது அத்தியாயத்தில் நின்றுகொண்டிருந்தேன். "எத்தனாவது அத்தியாயம்?" என்பதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி.

இனி, நான் ஏன் இதில் இறங்கினேன் என்பதற்கு வருகிறேன்.

என்னிடம் கணக்குப் படித்த ஒரு பையன் 2015-ல் ஹைஸ்கூலை முடித்தான். அவனுடைய தாய் தந்தையர் மெக்ஸிகோவிலிருந்து வந்தவர்கள். கணக்கில் எண்பத்தைந்துக்குக் குறையாமல் வாங்குவான். என்ஜினீயராக வேண்டுமென்று ஆசை. தகப்பனாருக்கு முதுகில் அடிபட்டு வேலை நின்றிருந்த சமயம். "நேரே சர்வகலாசாலைக்குப் போய்க் கடனில் மூழ்காதே. இரண்டு வருஷம் கம்யூனிடி காலேஜில் படி, பிறகு மாறிக்கொள்" என்று நான்தான் யோசனை சொன்னேன். கெட்ட யோசனை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. எத்தனையோ பேர் அப்படிப் போய் நல்ல நிலைக்கு வந்திருக்கிறார்கள்.

2017-ம் வருஷம் வசந்த காலத்தில் அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்து, படிப்பை விட்டுவிட்டதாகச் சொன்னான். எனக்கு அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. அவன் தோளைத் தட்டி, "வருத்தப்படாதே. எல்லாருக்கும் பட்டம் வேண்டுமென்பதில்லை. உழைப்பவனுக்கு எங்கும் மதிப்பு உண்டு" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை.

2019-ல், பனி கொட்டுகிற ஒரு சனிக்கிழமை, காருக்கு டயர் மாற்றுவதற்காக ஒரு கடைக்குப் போனேன். மாற்றிக் கொடுத்தவன் அவனே. வார நாட்களில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை. ஜோலியட்டைச் சுற்றி இத்தகைய கிடங்குகள் ஏராளம். அமெரிக்கா முழுவதற்கும் போகும் ரயில் சரக்குகள் இங்கே இறங்கி லாரியில் ஏறுகின்றன. சனிக்கிழமைகளில் மாமாவின் டயர்க் கடை. அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் டயரை உருட்டிக்கொண்டே சொன்னான்:

"சேரும்போது கம்ப்யூட்டரில் ஒரு கணக்குப் பரீட்சை வைத்தார்கள், டீச்சர். ஒரு மணி நேரங்கூட இல்லை. படித்துவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று படி கீழே உள்ள கணக்கு வகுப்பில் போட்டார்கள். உங்கள் வகுப்பில் நீங்கள் நடத்திய அதே பாடம். இரண்டாந்தடவை, பணம் கொடுத்துப் படித்தேன். அந்த வகுப்புகள் பட்டத்துக்குக் கணக்கில் சேராது என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டைத் தேறினேன். மூன்றாவது வகுப்பு நடக்கிற நேரத்தில் கிடங்கில் ராத்திரி முறை வந்துவிட்டது."

நான் நடத்திய அதே பாடம்! வீட்டுக்குக் காரை ஓட்டி வந்தபோது என் மனத்தில் வேறு எதுவும் ஓடவில்லை. நான் கொடுத்த எண்பத்தைந்து மார்க்கை அந்தக் கலாசாலையில் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு வருஷத்து உழைப்பைவிட ஒரு மணி நேரத்துப் பொத்தான் அழுத்தலுக்கு மதிப்பு அதிகம்.

அவன் ஒருவன் மட்டுமல்ல என்பது படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. கணக்குப் பரீட்சை எழுதியவர்களில் சுமார் நாலில் ஒருவர் தமக்குப் பொருந்தாத வகுப்பில், அதிலும் பெரும்பாலோர் தகுதிக்குக் கீழான வகுப்பில், வைக்கப்பட்டார்கள் என்று கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2012-லேயே எழுதியிருந்தார்கள். ஹைஸ்கூல் மார்க்கைப் பார்த்திருந்தால் பிழை வெகுவாகக் குறைந்திருக்கும் என்றும் காட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் மிகப் பிரபலமாயிருந்த ஒரு பரீட்சையை, அதை நடத்திய ஸ்தாபனமே 2016-ல் நிறுத்திவிட்டது. கலிபோர்னியா 2017-லும், எங்கள் இல்லினாய் 2021-லும் சட்டம் செய்து, ஹைஸ்கூல் மார்க்கையும் பார்க்கவேண்டும் என்று விதித்தன. பையன் சேர்ந்ததோ 2015-ல். சட்டங்கள் வருவதற்குள் அவன் டயர் மாற்றப் போய்விட்டான்.

படிப்பின் முதல் வருஷத்தில் கம்யூனிடி காலேஜின் சரித்திரம் பாடமாக வந்தது. முதலாவது கலாசாலை எங்கள் ஜோலியட்டிலேயே பிறந்தது. 1901-ல், ஸ்டான்லி பிரௌன் என்ற ஹைஸ்கூல் அதிகாரியும், சிக்காகோ சர்வகலாசாலைத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் யோசித்து, ஹைஸ்கூலை முடித்த ஆறே ஆறு மாணவர்களுக்கு அதே பள்ளிக்கூடத்தில் மேற்பாடம் தொடங்கினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் வயிற்றில் பிறந்த கலாசாலை! பள்ளிக்கூடத்து உபாத்தியாயினியான எனக்கு இதில் ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

அந்த ஹார்ப்பர் ஓர் அபூர்வ மனுஷர். பத்து வயதில் கலாசாலையில் சேர்ந்து, பதினெட்டு வயதில் யேல் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். (இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காப்பி போடப் போனேன்.) 1880-களில் அவர் ஹீப்ரு பாஷையைத் தபால் மூலம் கற்றுக் கொடுத்தார். 1892-ல் சிக்காகோ சர்வகலாசாலை திறந்தபோது தபால் வழிக் கல்விக்கென்று அதில் ஒரு பகுதியையே ஏற்படுத்தினார். ஆக, நான் படிக்கிற விஷயத்துக்கும் படிக்கிற முறைக்கும் ஒரே மனுஷர் வழி காட்டியிருக்கிறார். என் தகப்பனார் இதைக் கேட்டால் அந்த டீக்கடைக்கு நேரே போயிருப்பார்.

ஆனால் பெருமை அத்துடன் நிற்கவில்லை. ஹார்ப்பர் எதற்காக முதல் இரண்டு வருஷத்துப் படிப்பை வெளியில் நடத்த விரும்பினார்? ஏழைப் பிள்ளைகளிடம் இரக்கம் மட்டும் காரணமல்ல. தம்முடைய சர்வகலாசாலை உயர்ந்த ஆராய்ச்சிக்கே உரியதாக இருக்கவேண்டும், முதல் வருஷத்துப் பிள்ளைகளின் கூட்டம் அங்கே மொய்க்கக் கூடாது என்பதும் அவருடைய எண்ணம். இங்கே ஒரு கதவைத் திறந்தவர், அங்கே ஒரு கதவை நெருக்கடியில்லாமல் காப்பாற்றிக்கொண்டார். இரண்டையும் ஒரே கை செய்தது.

இரண்டாவது வருஷத்தில் பர்ட்டன் கிளார்க் என்னும் சமூக சாஸ்திரி 1960-ல் எழுதிய ஒரு கட்டுரையைப் படிக்கச் சொன்னார்கள். பல நாள் என்னைத் தூங்கவிடாமல் அடித்த கட்டுரை அது. கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரத்துக் கலாசாலையை அவர் ஆராய்ந்தார். எல்லாரையும் உள்ளே விடுகிற கலாசாலை, எல்லாருக்கும் பட்டம் கொடுக்க முடியாது. ஆகவே வந்தவர்களில் பலருடைய ஆசையை மெள்ள மெள்ளத் தணித்து, வேறு வழியில் திருப்பி அனுப்புவதும் அதன் வேலையாகிவிடுகிறது என்றார். இதற்கு அவர் உபயோகித்த சொல் மோசக்காரர்களின் பாஷையிலிருந்து வந்தது. ஒருவனைச் சூதில் ஏமாற்றிப் பணத்தைப் பறித்தபின், கூட்டத்தில் ஒருவன் மட்டும் பின்தங்குவானாம். அவன் ஏமாந்தவனின் தோளைத் தட்டி, "போகட்டும், விடு, உலகம் இப்படித்தான்" என்று ஆறுதல் சொல்வானாம். ஏமாந்தவன் போலீசுக்குப் போகாமல் வீட்டுக்குப் போய்விடுவான். இந்த உபமானத்தை எர்விங் காஃப்மன் என்பவர் 1952-ல் எழுதினார். கிளார்க் அதைக் கலாசாலைக்குப் பொருத்தினார்.

தோளைத் தட்டி ஆறுதல் சொல்வது! 2017-ம் வருஷத்து வசந்த காலம் என் கண்முன் நின்றது. கலாசாலையில் எந்த அதிகாரி அவனுக்கு என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. கடைசியில் பின்தங்கி நின்று, "எல்லாருக்கும் பட்டம் வேண்டுமென்பதில்லை" என்று சாந்தப்படுத்தி அனுப்பியவள் நான்.

கிளார்க்குடன் வாதாடியவர்கள் அநேகர் உண்டு; இந்தக் கலாசாலைகள் இல்லையென்றால் லட்சக்கணக்கானவர்களுக்கு மேற்படிப்பே இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் இன்றைக்கும் இவற்றில் சேருகிறவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேர் பி. ஏ. பட்டம் வரை போக விரும்புகிறார்கள். ஆறு வருஷத்துக்குள் அதைப் பெறுகிறவர்கள் சுமார் பதினாறு பேர். நடுவில் உள்ள அறுபத்துச் சொச்சம் பேருக்கும் யாரோ எங்கேயோ ஆறுதல் சொல்லித்தான் இருக்கவேண்டும்.

டாக்டர் என்ற பட்டப்பெயரின் மோகத்தால் நான் படிப்பதாகச் சில சிநேகிதிகள் நினைக்கிறார்கள். ஜில் பைடன் அம்மையார் கம்யூனிடி காலேஜ் ஆசிரியையாயிருந்தவர். அத்தகைய கலாசாலைகளில் மாணவர் படிப்பை விடாமலிருப்பது எப்படி என்பதைப் பற்றி எழுதியே 2007-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். 2020-ம் வருஷக் கடைசியில், அவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஒருவர் பத்திரிகையில் எழுதப் போக, தேசம் முழுவதும் அமளிப்பட்டது. எனக்கு அந்தச் சண்டையில் சிரத்தையில்லை என்று சொன்னால் பாதி பொய். பெயருக்கு முன்னால் அந்த எழுத்துக்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்ததுண்டு. கிழித்தும் போட்டேன்.

என் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் இன்னதென்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள். அடிப்படைக் கணக்கு வகுப்பில் போடப்பட்டு, படிப்பை விட்டுப் போன பன்னிரண்டு பேரைக் கண்டு பேசி, நடந்ததை அவர்கள் வாயாலேயே அறிவது. மனிதர்களைக் கேள்வி கேட்டு ஆராய்வதென்றால் சர்வகலாசாலையின் நெறிக் கமிட்டி அனுமதிக்கவேண்டும். விண்ணப்பம் நாற்பது பக்கம். இரண்டு மாதத்துக்குப் பிறகு உத்தரவு வந்தது: "அனுமதிக்கிறோம். ஆனால் தங்களுடைய முன்னாள் மாணவர் யாரையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியர் கேட்டால் மறுக்க அவர்களுக்குத் தயக்கமிருக்கும்."

சட்டம் சரியானதே. நானே கமிட்டியில் இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். இருந்தும் அன்று முழுவதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. யாரால் இந்தப் படிப்பில் இறங்கினேனோ, அவன் ஒருவனுக்கு மட்டும் என் புத்தகத்தில் இடமில்லை!

இரண்டு மாதங்களுக்கு முன்பு டயர்க் கடைக்குப் போய் அவனிடமே இதைச் சொன்னேன். ஆராய்ச்சிக்காக அல்ல, நோட்டுப் புத்தகம்கூட எடுத்துப் போகவில்லை. இப்போது அவனுக்கு ஒரு குழந்தை. கிடங்கில் ஒரு பிரிவுக்கு மேஸ்திரி. 2017-ல் நான் கேட்காமல் விட்டது தப்பு என்றும் சொன்னேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் எத்தனை வருஷமாகப் படிக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

"ஐந்து முடிந்துவிட்டது."

"நான் மூன்று ஸெமஸ்டரில் விட்டுவிட்டேன்" என்று சிரித்தான். "முடித்ததும் காலேஜுக்குத் தலைவராகிவிடுவீர்களா?"

"யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? சேர்க்கிற இடத்தில், வகுப்பு நிர்ணயிக்கிறார்களே, அந்த மேஜையில் உட்கார ஓர் உத்தியோகம் கிடைத்தால் போதும்."

அவன் கொஞ்ச நேரம் ஒரு நட்டைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, அவ்வளவு அக்கறையில்லாதவன்போல், "நான் அப்போது படித்ததெல்லாம் இன்னும் செல்லுமா, டீச்சர்? காலாவதியாகியிருக்கும், இல்லையா?" என்றான்.

விசாரிப்பதாகச் சொன்னேன். அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலாசாலைக்கு எழுதினேன். பதில் முந்தாநாள் வந்தது. ஆங்கிலம் இரண்டு வகுப்பும் சரித்திரம் ஒன்றும் செல்லும். இனிக் கணக்குக்குப் பரீட்சை எழுத வேண்டியதில்லை. ஹைஸ்கூல் மார்க்கைக்கொண்டு நேரே கலாசாலைக் கணக்கில் சேரலாம். பணம் கட்டித் தேறிய அந்த இரண்டு அடிப்படைக் கணக்கு வகுப்புகளும் பட்டத்துக்குச் சேராது. அன்றும் சேராது, இன்றும் சேராது.

கடிதம் மேஜைமேல் இருக்கிறது. டெலிபோனில் சொல்ல மனம் வரவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, கடை எட்டு மணிக்குத் திறப்பார்கள். என்னுடைய நாலாவது அத்தியாயம் ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் போய்ச் சேரவேண்டும். இன்னும் பதினோரு பக்கம் பாக்கி. முதலில் டயர்க் கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன்.